சமாதானச் சித்திரத்தில் இரண்டாவது பானை

உலகத்தில் இன்று சமாதானம் என்று ஏதாவது எஞ்சியிருக்குமானால், அதற்கு மூல காரணம் நாமக்கல் தாலுக்காவில், மோகனூர் போகும் சாலையில் உள்ள எங்கள் ஊர் ஹையர் எலிமெண்டரி பாடசாலைதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாடசாலையின் ஆண்டறிக்கையில் பதினாறு வருஷமாக இதே வாக்கியம் இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் அதை நகல் எடுத்தவன் நான்.

ஜினீவாவில் ஒரு சங்கம் இருப்பதாகவும், அதுவும் இதே தொழிலைச் செய்வதாகவும் பத்திரிகையில் படித்தேன். செய்யட்டும். ஆனால் அவர்களிடம் தகரப் புறா கிடையாது. போன வருஷம் அபிசீனியாவில் சண்டை மூண்டதற்கு அந்தக் குறையே காரணம் என்பது எங்கள் தலைமையாசிரியர் கைலாசம் அவர்களின் முடிவு. நான் உதவி குமாஸ்தா சென்னியப்பன். அவருடைய முடிவுகளைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை.

ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். புகழ்ச்சி பிடிக்காத ஊர்.

பகலில் நான் பாடசாலையில் ரிஜிஸ்தர் எழுதுகிறேன். மாலையில் அதே கட்டிடத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் இங்கிலீஷ் படிக்கிறேன். அன்றன்று கண்டதைத் தேதியும் மணியும் போட்டு எழுதி வர வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. எது கண்டது, எது நானாக நினைத்தது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். ஆகையால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். நினைத்ததை எழுதும் தைரியம் வந்தால் அதற்குத் தனி நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய யுத்தம் நின்ற நவம்பர் பதினொன்றாம் தேதியை முன்னிட்டு 1920இல் 'சமாதானச் சித்திர விழா' தொடங்கப்பட்டது. பாடசாலையை நிறுவியவரும், கமிட்டித் தலைவரும், சுற்று வட்டாரத்தில் நாலு கிராமத்துக்கு உடையவருமான மிட்டாதார் கருப்பண்ணன் அவர்கள் அப்போது ஒரு மண்ணெண்ணெய் டின்னைச் சமாதானத்துக்காக வழங்கினார். டின் காலியாகத்தான் இருந்தது. அதை வெட்டி ஒரு புறா செய்தார்கள். பிள்ளைகள் காகிதத்தின் மேல் அந்தத் தகரத்தை வைத்து, சுற்றிலும் பென்சிலை ஓட்டி, உள்ளே வெள்ளை பூசி, அலகில் ஓர் இலையைச் செருக வேண்டும். அதுதான் சமாதானம். என்ன இலை என்று விதியில் இல்லை. வேம்பு வந்திருக்கிறது, முருங்கை வந்திருக்கிறது. ஒருமுறை புகையிலையும் வந்திருக்கிறது.

பதினைந்து வருஷத்தில் தகரம் துருப்பிடித்து வால் உதிர்ந்துவிட்டது. கழுத்தும் உள்ளே மடங்கிவிட்டது. இப்போது வருகிற புறாவைக் காடை என்று சொல்பவர்கள் உண்டு. டிராயிங் மாஸ்டர் முகம்மது ஹனீப், புதிதாக ஒன்று வெட்டித் தருவதாக இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். 'சமாதானத்தின் உருவத்தை மாற்றும் அதிகாரம் டிராயிங் மாஸ்டருக்கு இல்லை' என்று கமிட்டியிலிருந்து பதில் போயிற்று.

தகரம் ஒன்று, பிள்ளைகள் அறுபதுக்கு மேல். ஆகவே விழாவுக்கு முந்தைய வாரம் முழுவதும் தகரத்துக்காக அடிதடி நடக்கும். 1927இல் மூன்று பேருக்குக் காது கிழிந்ததாக ரிஜிஸ்தரில் இருக்கிறது. கிழிந்த காதோடு வரைந்த மூவருக்கும் அந்த வருஷம் 'விசேஷ சமாதானப் பரிசு' வழங்கப்பட்டது.

இதற்கு நடுவே சர்க்காரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து, சேரியிலிருந்து நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம். அவர்களிடம் எங்கள் பாடசாலை காட்டும் கவனம் தனி. உட்கார வராந்தாவின் கோடியில் தனி இடம், நல்ல காற்று. மற்றப் பிள்ளைகள், பாவம், வராந்தாப் பானையிலிருந்து தாங்களே மொண்டு குடிக்க வேண்டும். இந்த நால்வருக்கு அந்தச் சிரமம் இல்லை. தண்ணீர்க்காரி நல்லம்மாள் லோட்டாவை உயரத் தூக்கி ஊற்றுவாள். இவர்கள் கீழே குனிந்து இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டால் போதும். நல்லம்மாளுக்கு வேறு வேலை இருந்தால், அன்று அவர்கள் 'பொறுமை' என்னும் பாடத்தைப் படிப்பார்கள்.

பானையைத் தொடாத கை தகரத்தையும் தொடக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே போன வருஷம் நவம்பர் ஏழாம் தேதி, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஐந்தாம் வகுப்புச் செல்லியம்மாள் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"மாஸ்டருங்க, எங்களுக்குத் தகரமுங்க?"

ஹனீப் மாஸ்டர் தகரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்தரைப் பார்த்தேன்.

"உனக்குத் தகரம் வராது புள்ளை. தூரத்திலிருந்தே பார்த்து வரை."

"காடையாட்டத் தெரியுதுங்க."

"காடை இல்லை, புறா. அதுதான் சமாதானம்."

"சமாதானம்னா என்னங்க?"

இந்தக் கேள்வியைப் பதினைந்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. தகரம் இருந்ததால் தேவைப்படவில்லை. மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார்.

"சண்டை இல்லாமே எல்லாரும் ஒண்ணா இருக்கறது."

"அதை வரைஞ்சாப் போதுங்களா?"

"போதும், போ."

அந்தப் பதிலில் இருந்த அபாயம் எங்கள் இருவருக்குமே அப்போது தெரியவில்லை.

செல்லியம்மாளின் தகப்பன் அங்கமுத்து மேட்டூர் அணையில் ஆறு வருஷம் மண் சுமந்தவன். அணை முடிந்து குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியதும், அங்கே நாலாம் வகுப்பு வரை படித்திருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பாடசாலைக்கு வந்தான். சேரிக்கு வரும் கடிதங்களை இப்போது அவள்தான் படித்துச் சொல்கிறாள். அவள் வருவதற்கு முன்பெல்லாம் ஒரு கடிதம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு மோகனூர் வரைக்கும் நடப்பார்கள். வழியிலேயே விஷயம் பழசாகிவிடும். பக்கத்தில் வேறு பள்ளிக்கூடமும் கிடையாது.

விழா நாள் வந்தது. பிரதம விருந்தினராக ஒரு பெரிய துரையின் துரைசாணி வந்தார். மிட்டாதாருக்கு 'ராவ் சாகிப்' பட்டம் வர வேண்டியிருந்தது. வராமல் பல வருஷமாக இருந்தது. துரை எழுதினால் வரும், துரைசாணி சொன்னால் துரை எழுதுவார். சமாதானத்துக்கு இப்படியும் சில கிளைகள் உண்டு.

கயிற்றில் அறுபத்தொரு படங்கள் தொங்கின. படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நடுநிலைமைக்காக அந்த ஏற்பாடு. அது என் யோசனை. கமிட்டி ஏற்றுக்கொண்ட முதல் யோசனை அது. கடைசி யோசனையும் அதுவே.

துரைசாணி நாற்பத்திரண்டு காடைகளைக் கடந்து வந்தார். நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

அதில் புறா இல்லை. ஒரு பானை இருந்தது. பானையைச் சுற்றிப் பிள்ளைகள். ஒரு பெண் லோட்டாவில் மொண்டு அடுத்த பையனிடம் கொடுக்கிறாள். அந்தப் பையன் தலையில் ஜரிகைத் தொப்பி. எங்கள் பாடசாலையில் ஜரிகைத் தொப்பி ஒன்றே ஒன்றுதான். அது மிட்டாதாருடைய பேரனின் தலையில் இருப்பது.

இது எந்த இடம் என்று துரைசாணி இங்கிலீஷில் கேட்டார். தலைமையாசிரியர் பானையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "எங்கள் பாடசாலைதான்" என்று இங்கிலீஷிலேயே சொன்னார். மாலை வகுப்பில் நான் படித்த வரைக்கும் அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

துரைசாணி கைதட்டினார். ஆகையால் எல்லோரும் கைதட்டினார்கள். முதல் பரிசு அதற்கே என்றார். எண்ணுக்கு உரிய பெயரை நான் உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன். "நாற்பத்து மூன்று. செல்லியம்மாள். தகப்பன் பெயர் அங்கமுத்து."

கைதட்டல் பாதியில் நின்றது. துரைசாணி மட்டும் தொடர்ந்து தட்டினார்.

அவரிடம் ஒரு காமிரா இருந்தது. படத்தில் உள்ளபடியே பிள்ளைகள் பானையைச் சுற்றி நின்றால் ஒரு போட்டோ பிடிப்பேன், பத்திரிகைக்கு அனுப்புவேன் என்றார். கமிட்டியின் அவசரக் கூட்டம் மணிக்கம்பத்துக்குப் பின்னால் கூடியது. நேரம் பத்தே முக்கால்.

"ஏனுங்க பெரிய வாத்தியாரே," என்றார் மிட்டாதார். "அந்தப் புள்ளை மொண்டு குடுத்து எம் பேரன் குடிக்கறதா?"

"போட்டோவுக்குத்தானுங்களே. பத்திரிகையில வந்தா துரை பார்ப்பார்."

"பார்ப்பாராக்கும்?"

"சம்சாரம் எடுத்த போட்டோவைப் பார்க்காம இருந்துட முடியுங்களா?"

மிட்டாதார் மீசையைத் தடவிக்கொண்டு பானையையே பார்த்தார். "அப்ப ஒண்ணு செய்யுங்க. தண்ணியக் கொட்டிப்போடுங்க. தண்ணி இல்லாத பானைக்கு ஏதுங்க தீட்டு?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நல்லம்மாள் பானையை வேப்பமரத்தடியில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, திரும்ப எடுத்து வந்து வைத்தாள்.

பிள்ளைகள் நின்றார்கள். ஜரிகைத் தொப்பி முன்னால் நின்றது. செல்லியம்மாள் லோட்டாவைப் பானைக்குள் விட்டாள். பித்தளை மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் அன்று காலையிலிருந்து தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள், ஆகவே நால்வருக்கும் பொறுமைப் பாடம் நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். செல்லியம்மாள் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணி இல்லீங்க."

குழந்தை என்ன சொல்கிறாள் என்று துரைசாணி கேட்டார்.

"சமாதானம் என்கிறாள்," என்றார் தலைமையாசிரியர்.

துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை சொன்ன வார்த்தையைத் தமக்கும் சொல்லித் தரும்படி கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பழகிக்கொண்டார். மோட்டாரில் ஏறும்போது இரு கைகளையும் கூப்பி, "தண்ணி இல்லீங்க" என்றார். மிட்டாதார் குனிந்து, கைகூப்பி, "தண்ணி இல்லீங்க" என்றார். கமிட்டி மெம்பர்கள் வரிசையாக "தண்ணி இல்லீங்க" என்றார்கள். மோட்டார் கிளம்பிப் புழுதி அடங்கும் வரை ஊரே ஒரே குரலில் இருந்தது. அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பானை உடைக்கப்பட்டது. கொட்டினாலும் அடியில் ஈரம் இருந்திருக்கும் என்று மிட்டாதார் இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். புதுப் பானை வந்தது. கமிட்டி கூடியது. கூடியிருக்கும்போதே அங்கமுத்து வந்து படிக்குக் கீழே நின்றான். மகளும் கூட நின்றாள்.

"கும்புடறேன் சாமி. புள்ளைக்கு மொதப் பரிசுன்னு சொன்னாங்க."

"ஆமாண்டா. சந்தோசந்தானே?" என்றார் மிட்டாதார்.

"சந்தோசமுங்க. அப்ப இனிமே ஒரே பானைங்களா சாமி?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே துடைத்த கண்ணாடி.

"அங்கமுத்து, அது படம்," என்றார்.

"ஆமாங்க. போட்டோவும் புடிச்சாங்களே."

"போட்டோவும் படந்தான்."

அங்கமுத்து தலையைச் சொறிந்துகொண்டான். "இல்லீங்க, மேட்டூர்ல டேம் கட்டறப்ப எங்க பக்கத்துல ஒரு கொழாய் இருந்துச்சுங்க. யாரு புடிச்சாலும் தண்ணி வந்துச்சுங்க. கொழாய்க்கு ஒண்ணும் ஆகலீங்க. அதைப் பாத்து வளந்த புள்ளை. அதான் கேட்டனுங்க."

"அங்கே கட்டினது டேமு," என்றார் மிட்டாதார். "இங்கே நடக்கறது பள்ளிக்கூடம். ரெண்டும் ஒண்ணாடா?"

தீர்மானம் வாசிக்கப்பட்டது. எழுதியவன் நான் என்பதால் மனப்பாடமாகத் தெரியும். மேற்படி சித்திரம் பாடசாலைக்குத் தேடித்தந்த புகழைக் கமிட்டி மெச்சுகிறது. மரபின்படி அது தலைமையாசிரியர் அறையில் மாட்டப்படும். ஆனால் அதில் ஒரு பானை மட்டும் இருப்பது ஊரின் சமாதானத்துக்குப் பங்கம் விளைவிக்கும். ஆகவே மேற்படி மாணவி தன் கையாலேயே அதில் இரண்டாவது பானை ஒன்றை வரைந்து, தன் பக்கத்துப் பிள்ளைகளை அதனருகே நிறுத்த வேண்டும். வரைந்தால் பாடசாலையில் தொடரலாம். வரையாவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்குள் டி.சி. வழங்கப்படும்.

அங்கமுத்து அதை இரண்டு தடவை கேட்டு விளங்கிக்கொண்டான். பிறகு மகள் பக்கம் திரும்பினான்.

"ஒரு பானைதான சாமி? போட்டுடு. படிப்பு போச்சுன்னா திரும்ப வராது."

படம் படியில் வைக்கப்பட்டது. ஹனீப் மாஸ்டர் தூரிகையைக் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தார். வைக்கும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. செல்லியம்மாள் தூரிகையை எடுத்துக் காவியில் தோய்த்தாள். காகிதத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எந்தப் பானைங்க?"

"உங்க பானை," என்றார் தலைமையாசிரியர். "நீங்க நாலு பேரும் குடிக்கிற பானை."

"எங்களுக்குப் பானை இல்லீங்களே. நல்லம்மாக்கா தூக்கி ஊத்துவாங்க. இல்லாத பானைய எப்படிங்க வரையறது?"

"ஒரே பானையில எல்லாரும் குடிக்கிறாப்பல வரைஞ்சியே, அது மட்டும் இருக்குதா?"

"பானை இருக்குதுங்களே," என்று அவள் வராந்தாவைக் காட்டினாள். "அதா இருக்குதுங்க."

அவள் எதிர்த்துப் பேசினாள் என்று கமிட்டிக் குறிப்பில் இருக்கிறது. என் நோட்டில் அப்படி இல்லை. அவள் சந்தேகம் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒருவேளை நான் தவறாகக் கேட்டிருக்கலாம். அவள் தூரிகையைத் தண்ணீரில் கழுவி, நுனியைக் கூராக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். மணி பதினொன்று ஐம்பது.

அங்கமுத்து இன்னொரு தடவை "சாமி" என்றான். அது மகளைக் கூப்பிட்டதா, மிட்டாதாரைக் கூப்பிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இருவருமே திரும்பவில்லை.

டி.சி.யை நான் எழுதினேன். 'நிற்கும் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. சர்க்கார் சுற்றறிக்கை இருப்பதால் எதையாவது எழுதிவிட முடியாது. "தகப்பனார் விருப்பத்தின்பேரில்" என்று எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். எழுதினேன். காகிதத்தை அங்கமுத்து மகளிடம் கொடுத்தான். சேரிக்கு வரும் கடிதங்களைப் படிக்கிற அதே குரலில் அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"...தகப்பனார் விருப்பத்தின்பேரில்."

"நான் விரும்பலீங்களே," என்றான் அங்கமுத்து.

"இப்ப விரும்பிக்கோ," என்றார் மிட்டாதார்.

அவன் கட்டை விரலை நான் மையில் தோய்த்தேன். இல்லை, அவனே தோய்த்தான். நான் மைக்கூட்டைத் தரையில் வைத்துத் தள்ளினேன்.

பிறகு இரண்டாவது பானை பாக்கி இருந்தது. டிராயிங் மாஸ்டரை வரையச் சொன்னார்கள்.

"புறான்னாப் போட்டுத் தாரேனுங்க," என்றார் ஹனீப் மாஸ்டர். "பதினைஞ்சு வருஷமாப் பழக்கம். பானை எனக்கு வராதுங்க."

"பானை வராதா? டிராயிங் மாஸ்டருக்கா?"

"வராதுங்க. என்னமோ வாய் கோணிப்போகுது."

மூன்றாம் வகுப்புக்கு அவர் நடத்தும் இரண்டாவது பாடமே பானைதான். நான் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கையெழுத்து வருகிறவனுக்குப் பானை வராமல் போகுமா?

வரைந்தேன். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதால் அளவு எடுத்துக்கொண்டேன். முதல் பானையைவிடக் கால் அங்குலம் சின்னது. வாய் கோணவில்லை. மற்ற மூன்று பிள்ளைகளையும் படத்துப் பெண்ணின் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் கையிலிருந்த லோட்டாவை அழித்துத் தொப்பிக்காரப் பையன் கையில் கொடுத்தேன். அவள் கை காலியாக இருந்தது பார்க்க நன்றாக இல்லை. யோசித்துவிட்டு, கும்பிடுவது போல மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்துத் துரைசாணியின் போட்டோ வந்தது. அதையும் பக்கத்திலேயே மாட்டினோம். பட்டம் இன்னும் வரவில்லை. நல்லம்மாள் இப்போது மூன்று பேருக்குத்தான் தூக்கி ஊற்றுகிறாள். சேரிக்குக் கடிதம் வந்தால் செல்லியம்மாளே இன்னமும் படிக்கிறாள் என்று கேள்வி. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள எழுத்தில் வரும் கடிதங்களை.

இந்த வருஷ விழாவுக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். "ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பானையே வைத்திருக்கிறீர்களா? இந்தப் பக்கத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை" என்று மிட்டாதாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போட்டோவில் அந்தப் பானையைக் காணோமே?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் விளக்கினார். இன்ஸ்பெக்டர் விசிட்டர் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டி எழுதினார். அதை நான் நகல் எடுத்தேன்.

கிளம்பும்போது அவர் திரும்பி வந்து, இரண்டாவது பானையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பானை மிகவும் உயிரோடு இருக்கிறது. யார் வரைந்தது?"

படத்தின் கீழே பெயர் இருக்கிறது: செல்லியம்மாள், ஐந்தாம் வகுப்பு. நல்ல கையெழுத்து. என்னுடையது.